எர்லிந்தா எப்போதும் முதல் பாடத்தில்

ஃப்ரீஸ்வில், மிச்சிகன்
30 அக்டோபர் 1972

லா ரெத்தாமா பள்ளியில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியைக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நம் இருவரிடமும் படிக்கும் லிண்டாவைக் கேட்டால் "மிஸ்" என்கிறாள். டெக்சஸில் எல்லா ஆசிரியைகளுக்கும் அது ஒன்றுதான் பெயர் போலிருக்கிறது. பள்ளியின் பெயரை மட்டும் சரியாகச் சொன்னாள். அதை நம்பி இதை அனுப்புகிறேன்.

வயல் வேலைக்காக இங்கே வந்து போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் அறை கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலத்துக்கு மிகவும் வசதியான அறை. ஆனால் குளிர்காலத்தில் என் பிள்ளைகள் ஒருவரும் இங்கே இருப்பதில்லை.

லிண்டாவின் குடும்பம் மே மாதம் அஸ்பாரகஸ் தண்டு அறுக்க வருகிறது. பிறகு செர்ரி, வெள்ளரி, ஆப்பிள். ஆப்பிள் முடிந்துவிட்டதால் இந்த வாரம் கிளம்புகிறார்கள். போன வருடம் இதே நேரத்தில் முதல் வாசகப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படிக்கும் பிள்ளையாக அவளை உங்களிடம் அனுப்பினேன். மே மாதம் ஒரு வார்த்தை தெரியாமல் திரும்பி வந்தாள். கதவு, ஜன்னல்கூட மறந்துபோயிருந்தது. ஜூனில் பள்ளி மூடியது. செப்டம்பரில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆறே வாரத்தில் புத்தகத்தை முடித்துவிட்டாள். என் பாடமுறை வருடத்துக்கு வருடம் மெருகேறி வருகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுவதும் அங்கே அவளுக்கு என்ன நடக்கிறது? நீங்கள் அவளிடம் ஸ்பானிஷ் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். என் பெற்றோர் வீட்டில் டச்சுதான் பேசினார்கள். பள்ளியில் யாரும் எனக்கு டச்சில் ஆறுதல் சொல்லவில்லை. அதனால்தான் கற்றுக்கொண்டேன். தயவுசெய்து இந்த முறையாவது நான் கட்டியதை இடிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வில்ஹெல்மினா டெர்ப்ஸ்ட்ரா (திருமதி)


லா ரெத்தாமா, டெக்சஸ்
27 நவம்பர் 1972

மதிப்புக்குரிய திருமதி டெர்ப்ஸ்ட்ரா அவர்களுக்கு,

என் பெயர் சுலேமா த்ரெவீன்யோ. பிள்ளைகள் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. அந்தப் பெண்ணின் பெயர் லிண்டா இல்லை. எர்லிந்தா. எர்லிந்தா அர்ரெதோந்தோ. உங்கள் பெயரை நான் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இரண்டு வருடமாக நான் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் தெரியாததால் "வடக்கே இருக்கிற அந்த அம்மா" என்று வைத்துத் திட்டினேன். ஏனென்றால் ஏப்ரலில் இங்கிருந்து போகும்போது எர்லிந்தா பஸ் டிரைவரோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டுவிட்டுப் போனாள். அதில் ஜெயித்தும் விட்டாள். நவம்பரில் திரும்பி வரும்போது ஊமை. கதவும் தெரியாது ஜன்னலும் தெரியாது. நானும் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்கினேன். நானும் என் பாடமுறையைத்தான் மெச்சிக்கொண்டேன்.

இந்த வருடமும் இந்த மாதம் இரண்டாவது வாரம் வந்து சேர்ந்தாள். உங்கள் கடிதம் அதற்கு முன்பே வந்திருந்ததால் அதே முதல் வாசகப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். "படி" என்றேன். பரிதாபமாகப் பார்த்தாள். தடங்கலில்லாமல் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். லாரியில் மூன்று நாள் பயணம். மூன்று நாளில் ஒரு மொழி முழுவதும் வழியில் கொட்டிப்போகுமா?

வருகிற எல்லாப் பிள்ளைகளும் போன இடத்தில் மறந்துவிடுகிறார்கள் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. தப்பு எப்போதும் மறுமுனையில் இருப்பவருடையதாகிவிடுகிறதே. ஆனால் இந்தப் பெண் நம் இருவர் காதிலும் பூச்சுற்றுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பானிஷ் விஷயம்: ஆமாம், பேசுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறேன். தலைமையாசிரியர் கிரிம்ஸ்லிக்கும் உங்கள் கருத்துதான்.

இப்படிக்கு,
சுலேமா த்ரெவீன்யோ


ஃப்ரீஸ்வில்
9 ஜனவரி 1973

அன்புள்ள மிஸ் த்ரெவீன்யோ,

உங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அதில் இருந்த விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் அவளுக்கு வைத்த தேர்வுத்தாளை எடுத்துப் பார்த்தேன். நான்கு படங்கள் இருக்கும். நான் ஒரு சொல்லைச் சொல்வேன். பிள்ளை அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். ஆங்கிலமே தெரியாத பிள்ளைகூட, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரியாகத் தொட்டுவிடும். இத்தனை வருடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தொட்டிருக்கிறார்கள். இவள் ஒன்றைக்கூடச் சரியாகத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் தப்பான படத்தைத் தேடித் தொட வேண்டுமென்றால் சரியான படம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அவள் மேல் இரக்கப்பட்டு, நானே சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு கொடுத்தேன்.

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள். ஸ்பானிஷில் வேண்டுமானாலும் கேளுங்கள்.

இங்கே பனி ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. என் அறை வெதுவெதுப்பாக, காலியாக இருக்கிறது.

வி. டெர்ப்ஸ்ட்ரா

பி.கு. எர்லிந்தா என்று எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். வாயில்தான் இன்னும் வரவில்லை.


லா ரெத்தாமா
29 ஜனவரி 1973

அன்புள்ள திருமதி டெர்ப்ஸ்ட்ரா,

கேட்டேன். ஸ்பானிஷில் கேட்கவில்லை. பள்ளி விட்டபிறகு சுவரில் படம் ஒட்ட அவளை நிறுத்திக்கொண்டு, பசையைத் தடவியபடியே, வேகமான ஆங்கிலத்தில், "உன் சட்டைப் பின்பக்கம் ஒரு தேள் ஏறுது" என்றேன். ஒரே துள்ளு. சட்டையை உதறினாள். உதறியபிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது நியாயமே இல்ல மிஸ்," என்றாள். அதுவும் ஆங்கிலத்தில்.

"நியாயத்தப் பத்தி நீ பேசாத. ரெண்டு வருஷமா என்ன ஏமாத்தியிருக்க. எதுக்குடி?"

பசை டப்பாவின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள், மூடினாள். கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லா வகுப்பும் நடுவுல இருக்கு மிஸ். நான் இங்க வந்து நாலாம் வகுப்புல உக்காந்தா கணக்கு நடுவுல போய்க்கிட்டிருக்கு, கதை நடுவுல போய்க்கிட்டிருக்கு. யாரு செத்தாங்க, எதுக்கு அழுவுறாங்கன்னே தெரியாது. எல்லாரும் பக்கத்தத் திருப்பறாங்க, நானும் திருப்பறேன். அது முடியறதுக்குள்ள லாரி வந்துடும். வடக்க போனா அங்கயும் நடுவுல. உங்க வகுப்பும் அந்த டீச்சர் வகுப்பும்தான் நான் வர்ற அன்னிக்கு ஆரம்பிக்குது. கிளம்பறதுக்குள்ள முடிஞ்சும் போயிடுது."

"அதுக்காக ஊமையா நடிப்பியா?"

"நடிக்கல. நான் சும்மாதான் நின்னேன். நீங்கதான் 'எல்லாம் மறந்துட்டியா, மறந்துட்டியா'ன்னு கேட்டீங்க. அவங்களும் அதையேதான் கேட்டாங்க. நான் தலைய ஆட்டினேன். அப்புறம் நான் சீக்கிரம் கத்துக்கிட்டா உங்க ரெண்டு பேருக்கும் சந்தோஷமா இருக்குல்ல? அந்த டீச்சருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு மிஸ்."

உங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் அவளுடைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். உங்கள் அறையிலும் சரி, என் அறையிலும் சரி, மதிப்பெண் கிடையாது, மேல் வகுப்புக்கு ஏற்றுவதும் கிடையாது. இங்கே தேர்வு மே மாதக் கடைசியில். அவள் ஏப்ரலில் போய்விடுகிறாள், வழியில் வேறு வயல்களிலும் வேலை. அங்கே மே நடுவில் வந்து சேருகிறவர்களை நீங்கள் தேர்வுக்குச் சேர்ப்பதில்லை. அதனால் மூன்றாவது வருடமாக அவள் நான்காம் வகுப்பிலேயே இருக்கிறாள். ஆகஸ்டில் பதிமூன்று முடிகிறது. இந்த ஏப்ரலிலும் மேலே ஏறாவிட்டால் பள்ளியை விட்டு நிறுத்தி வயலில் இறக்கிவிடுவதாக அப்பா முடிவு செய்திருக்கிறாராம். இதை அவள் மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

முதல் பாடத்திலேயே இருக்கும் பிள்ளையை யாரும் மேலே ஏற்றமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மிஸ்," என்றாள்.

சுலேமா த்ரெவீன்யோ


ஃப்ரீஸ்வில்
14 பிப்ரவரி 1973

அன்புள்ள மிஸ் த்ரெவீன்யோ,

கண்ணில் நீர் வந்தது கொதிகலன் புகையால்.

மற்றதைப் பற்றி யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். அந்தப் பிள்ளை ஒருவரையொருவர் முகம் அறியாத இரண்டு பெண்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கற்றிருக்கிறது. நாமும் அவள் கற்றுக்கொண்டதைப் பார்க்காமல் நம் திறமையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அவமானமாக இருக்கிறது. இதை நான் இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நடைமுறையில் ஒரு வழிதான் தெரிகிறது. அவள் ஒரே இடத்தில் ஒரு முழு வருடம் இருக்க வேண்டும். என் வீட்டில் மாடியில் ஒரு அறை இருக்கிறது. நான் தனியாக இருப்பவள். அக்டோபரில் குடும்பம் தெற்கே கிளம்பும்போது அவள் என்னோடு தங்கட்டும். சாப்பாடு, கதகதப்பான கோட்டு, பள்ளி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். அவர்கள் கத்தோலிக்கர்கள் என்று தெரியும். அவர்கள் கோயிலும் பதினைந்து மைலில் இருக்கிறது. நான் காரில் கொண்டுபோய் விடுவேன், உள்ளே வரமாட்டேன்.

தகப்பனாரிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

வி. டெர்ப்ஸ்ட்ரா


லா ரெத்தாமா
11 மார்ச் 1973

அன்புள்ள திருமதி டெர்ப்ஸ்ட்ரா,

உங்கள் மாடி அறையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் ஒரு அறை இருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. ஜூன் வரை என்னோடு தங்கட்டும், தேர்வெழுதட்டும், பிறகு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைந்தெடுத்த சுயநலம்தான் என்று போகிற வழியிலேயே தெரிந்தது. ஆனாலும் போனேன்.

அப்பா பெயர் அன்செல்மோ. லாரியின் அடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார். அம்மா பெயர் சொக்கோரோ. அவர் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். எர்லிந்தாவைக் கொடியிலிருந்து துணி எடுக்க வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் ஜன்னலுக்குக் கீழேயே நின்று துணி எடுத்தாள்.

"படிப்பு வேணாம்னு நான் சொல்லல டீச்சரம்மா," என்றார் அன்செல்மோ. "நீங்களே சொல்லுங்க. மூணு வருஷமா நாலாம் வகுப்பு. வெள்ளரிக்கா போட்டாகூட ரெண்டு மாசத்துல பறிச்சுடறோம்."

"அவ மேல தப்பில்லைங்க. எங்க மேலதான்."

"யார் மேலயோ. இதுக்கு மேல உக்கார வச்சு என்ன வரப்போவுது?"

என் யோசனையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, அவ இங்க தங்கிட்டா எங்களுக்கு வாய் யாரு? அங்க வயல்ல தராசுல நிக்கிறவன் எடைய ஒண்ணு சொல்றான். அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. அவதான் கேட்டுச் சொல்றா. போன வருஷம் என் சம்சாரத்துக்கு வயித்துல கட்டி. டாக்டர் சொன்னத அவதான் கேட்டா, அவதான் வந்து எங்களுக்குச் சொன்னா. பதினோரு வயசுல. நீங்க ரெண்டு டீச்சரும் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தீங்க. நல்லாவே சொல்லிக்குடுத்துட்டீங்க. அதான் இப்ப அவள எங்கயும் விட்டுட்டுப் போக முடியல."

நான் பீன்ஸைத் தின்றேன். வேறென்ன செய்வது? நானும் ஒஹாயோவில் தக்காளி வயலில் என் அப்பாவுக்கு வாயாக நின்றவள்தான். கங்காணி கெட்ட வார்த்தை சொன்னால் அதை எப்படி மாற்றிச் சொல்வது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. கோட்டும் காரும் கொடுத்து ஒரு பெண்ணை ஒரு குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் அதையேதான் நினைத்தேன் என்பதால் இன்னும் கோபமாக வருகிறது.

மறுநாள் கிரிம்ஸ்லியிடம் போய், ஏப்ரலில் கிளம்புகிற பிள்ளைகளுக்குத் தேர்வை முன்னால் வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"போறவங்களுக்கு ஒரு தேர்வு, வர்றவங்களுக்கு ஒரு தேர்வுன்னா இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?" என்றார். "அதோட, அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஏ பி சி டி-யே தெரியாதுன்னு நீங்கதானே நவம்பர்ல எழுதிக் குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

சுலேமா


ஃப்ரீஸ்வில்
26 மார்ச் 1973

அன்புள்ள மிஸ் த்ரெவீன்யோ,

உங்கள் கோபம் வந்து சேர்ந்தது. அதில் பாதி எனக்குரியது என்று நினைக்கிறேன். மீதியை உங்களுக்கே திருப்பி அனுப்ப விரும்பவில்லை.

மாடி அறையை மறந்துவிடுங்கள். வேறு ஒன்று செய்தேன். எங்கள் தலைமையாசிரியரிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கூட்டம் இருக்கிறது என்றார். காத்திருப்பதாகச் சொன்னேன். மதியம் சாப்பிடப் போனார். நான் அங்கேயே சாப்பிட்டேன். மாலையில் அவர் ஒப்புக்கொண்டது இதுதான்: எர்லிந்தா நான்காம் வகுப்பை முடித்துவிட்டாள் என்று உங்கள் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு தாள் வந்தால், மே மாதம் நேராக ஐந்தாம் வகுப்பில் உட்காரவைக்கலாம். தேர்வு எந்த மாதம் வைத்தீர்கள் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

அவள் வந்து சேரும்போது ஐந்தாம் வகுப்பும் நடுவில்தான் இருக்கும். அதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும் நீண்ட கதையின் முதல் பாதியைச் சுருக்கி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கப்பல், ஒரு நாய், திருட்டுப்பழி சுமத்தப்பட்ட ஒரு சமையல்காரர். யார் செத்தார்கள், எதற்கு அழுகிறார்கள் என்பது நான் எழுதியதில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. கணக்கில் எதுவரை போயிருக்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறேன். லாரியில் படிக்கட்டும்.

இனி அவள் என் அறைக்கு வரமாட்டாள். என் அறையில் அவளைப்போல ஒரு பிள்ளை இருந்ததில்லை. அவள் எல்லாம் தெரிந்தவளாகவே வந்திருந்தாள் என்று இப்போது தெரிந்த பிறகும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் தலைமையாசிரியரிடம் மறுபடி போங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

வில்ஹெல்மினா


லா ரெத்தாமா
19 ஏப்ரல் 1973

அன்புள்ள வில்ஹெல்மினா,

லாரி இன்று காலை கிளம்பிவிட்டது. நீங்கள் கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து கிரிம்ஸ்லியுடையதுதான், நான் போட்டதில்லை. எர்லிந்தா நான்காம் வகுப்புத் தேர்வை நேற்று அவருடைய அறையில், அவர் கண்ணெதிரே எழுதினாள். கணக்கில் கொஞ்சம் சறுக்கினாள். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இரண்டு தடவை திருத்திப் பார்த்தார்.

ஆனால் இந்தத் தாளை நீங்கள் வாங்கிக்கொள்வதற்கு முன் அது எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் தேவாலயம் போகிறவர். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனேன். கிரிம்ஸ்லி என்னை உட்காரவே சொல்லவில்லை. இரண்டாவது தடவை போனபோது கதவைத் திறக்கவில்லை. அதோடு என் சாமர்த்தியம் தீர்ந்தது. எர்லிந்தாவிடம் போய் உங்கள் கடிதத்தைக் காட்டி, "என்னால முடியலடி" என்றேன். "சரி மிஸ்" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வடக்கே கிளம்புகிற பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அன்செல்மோ வந்தார். துவைத்த சட்டை, கையில் தொப்பி. கூடவே எர்லிந்தா. என் வகுப்புப் பிள்ளை என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். கிரிம்ஸ்லிக்கு ஸ்பானிஷ் சுத்தமாக வராது. நான்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கப்போனேன். எர்லிந்தா அதற்குள் அப்பாவுக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். தராசடியிலும் டாக்டரிடமும் அவள் நிற்கிற இடம் அதுதான் போலிருக்கிறது. அவருக்கும் அது பழக்கம். அவள் தலைக்கு மேலாகக் கிரிம்ஸ்லியைப் பார்த்துக்கொண்டே, ஸ்பானிஷில், மெதுவாகப் பேசினார்.

"நாங்க நாளன்னிக்குக் கிளம்பறோம்னு சொல்லு. திரும்பி வந்தப்புறம் நீ பள்ளிக்கூடம் வரமாட்டேன்னு சொல்லு. பேர எடுத்துடச் சொல்லு. இத்தன நாள் உன்னப் பாத்துக்கிட்டதுக்கு நன்றின்னு சொல்லும்மா."

எர்லிந்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"சார், நாங்க நாளன்னிக்குக் கிளம்பறோம்னு எங்கப்பா சொல்றாரு. நான் ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் ஒழுங்கா வந்திருக்கேன், ஆனா ரெண்டு பள்ளிக்கூடமும் நான் இருக்கிறப்ப தேர்வு வைக்கறதில்லன்னு சொல்றாரு. அதனால நாளைக்கே எனக்கு நாலாம் வகுப்புத் தேர்வு வைக்கணும்னு கேட்டுக்கறாரு. மிச்சிகன்ல ஒரு டீச்சர் உங்க கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க, அங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சுன்னு சொல்றாரு. தேர்வு வைக்க முடியாதுன்னா அது ஏன்னு உங்க கையால எழுதிக் குடுக்கணுமாம். அத அவரு பத்திரமா வச்சுக்குவாராம். இத்தன நாள் என்னப் பாத்துக்கிட்டதுக்கு நன்றின்னும் சொல்லச் சொன்னாரு."

கிரிம்ஸ்லியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அவருடைய தாள்களின்படி இது ஏ பி சி டி தெரியாத பெண். அவர் அன்செல்மோவைப் பார்த்தார். அன்செல்மோ தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்பது போல, நன்றாகத் தலையை ஆட்டினார். நன்றி சொன்னதற்கு ஆட்டுகிறார் என்று நான் நினைத்தேன்.

கிரிம்ஸ்லி என் பக்கம் திரும்பினார்.

"மிஸ் த்ரெவீன்யோ, அந்தாளு இதத்தான் சொன்னாரா?"

வில்ஹெல்மினா, அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காது மட்டும் சிவந்திருக்கிறது. பொய் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஒரு தகப்பனின் வார்த்தையை அவர் முன்னாலேயே மாற்றுகிறோம் என்பதும் தெரியும்.

"ஒரு வார்த்தகூடக் குறையல சார்," என்றேன்.

அவர் பேனாவை மேசையில் தட்டினார். ஜன்னலைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில. இங்கயே. என் முன்னாடி," என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று அன்செல்மோ கேட்டார்.

"நாளைக்கு ஒருநாள் நான் வரணுமாம்பா. கொஞ்சம் எழுத்து வேலை இருக்காம்."

வெளியே வந்தோம். கொடிமரத்தருகே அவர் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். எர்லிந்தாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"அம்மாடி, நான் சொன்னது இத்தனூண்டு," என்றார். "நீ பேசினது அந்தத் தெருக்கோடி வரைக்கும் போச்சே."

"இங்கிலீஷ்ல அப்படித்தான்பா. கொஞ்சம் நீளும்."

"அப்படியா டீச்சரம்மா?"

"ஆமாங்க," என்றேன். அன்றைய கணக்கில் அது இரண்டாவது பொய்.

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். பிறகு என்னிடம், அவள் அங்கே இல்லாதது போல, சொன்னார்:

"தராசுக்காரன்கிட்டயும் இவ இப்படித்தான் டீச்சரம்மா. நான் ஒண்ணு சொன்னா இவ பத்து சொல்லுவா. என்ன சொல்றான்னு எனக்குப் புரியாது. ஆனா இதுவரைக்கும் ஒரு தடவகூட எங்களுக்குக் கெட்டது நடந்ததில்ல. அதான் உள்ளயும் தலைய ஆட்டினேன்."

சுலேமா